நாலாம் மாடியில் பெண் பார்த்தல்

"இஞ்சருங்கோப்பா, திரும்பிப் பாக்காதையுங்கோ. குணலட்சுமி வாறா" என்றார் பாலேஸ்வரி.

பார்க்காதே என்றால் உடனே பார்ப்பதுதான் அவர் கணவர் நடராசாவின் குணம். பார்த்தார். நீர்வேலியில் பக்கத்து வீட்டுக்காரியான குணலட்சுமி, கடைத்தொகுதியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நடராசா அண்ணை!"

நடராசா கேளாதவர்போல மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் கஜானிக்கு இதுவரை பேசிய மூன்று சம்பந்தங்களும் மொட்டைக் கடிதத்தால் குழம்பிப் போயிருந்தன. பெண்ணுக்குக் கோபம் வந்தால் வீட்டில் சட்டி பானை மிஞ்சாது என்று மூன்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் யாரோ பெயர் போடாமல் எழுதியிருந்தார்கள். இப்போது வந்திருப்பது புத்தூர் வாகீசன். தங்கமான பிள்ளை. இதுவும் குழம்பினால் இனி எந்தத் தரகரும் அவர் வீட்டு வாசல் படலையைத் திறக்கமாட்டார்.

அதனால்தான் நடராசா ஊருக்குத் தெரியாமல், யாழ்ப்பாண நகரில் புதிதாக எழும்பிய இந்த ஆறுமாடிக் கட்டடத்தின் நாலாம் மாடி ஐஸ்கிறீம் கடையில் பெண் பார்க்க ஒழுங்கு செய்தார். குணலட்சுமி நகரில்தான் வேலை செய்கிறார் என்பது தெரியும். வேலை நேரத்தில் வெளியே வருவார் என்று யார் கண்டது? கடிதம் எழுதுவது அவர்தான் என்று நடராசா எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்கு அவருக்குச் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

"நீங்கள் தாயும் மகளும் லிப்ற்றிலை மேலை போங்கோ. உவவை நான் பாத்துக்கொள்ளுறன்."

சொல்லிவிட்டு, தானாக ஏறும் படியில் பாய்ந்து ஏறினார். வாழ்க்கையில் முதல்தடவை. இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்தபடி முதலாம் மாடியில் மின்சாரப் பொருள் கடைக்கு முன்னால் இறங்கினால், பின்னாலேயே குணலட்சுமியும் இறங்கினார்.

"அண்ணை, நில்லுங்கோ! ஒரு கதை!"

"நேரமில்லை. பிறிஜ் வாங்க வந்தனான்."

"பிறிஜோ? என்ரை மருமோன் உந்தக் கடையிலைதான் வேலை. வாங்கோ, நல்லதாப் பாத்துத் தருவான்."

"பிறிஜ் வேண்டாம்! வேட்டிதான் வாங்கவேணும்!"

அடுத்த படியில் ஓடி ஏறினார். இரண்டாம் மாடியில் புடைவைக் கடை. கண்ணில் பட்ட உடுப்பு மாற்றும் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டு, அப்பாடா என்று மூச்சுவிட்டார்.

"அண்ணை, செருப்பு வெளியிலை கிடக்குது. உள்ளுக்கைதானே நிக்கிறியள்?"

எந்த வாசலைக் கண்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் அறுபது வருடப் பழக்கம், காலை வாரிவிட்டது.

"நான் இல்லை" என்றார் நடராசா.

"ஐயா, இது பொம்பிளையளின்ரை அறை" என்றது கடைப் பிள்ளையின் குரல். "சட்டை போட்டுப் பாக்க ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்."

கதவைத் திறந்தார். வரிசையில் முதல் ஆளாக, கையில் சட்டையோடு நின்றவர் வாகீசனின் தாய் உதயகலா. தரகர் காட்டிய படத்தில் பார்த்த அதே முகம். பக்கத்தில் வாகீசன். அவர்களும் இவரைப் படத்தில் பார்த்தவர்கள்தான்.

"நேரத்துக்கு முன்னமே வந்திட்டம் எண்டு கடை பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்" என்றார் உதயகலா. "நீங்கள் எப்பிடி இதுக்குள்ளை?"

"கண்ணாடி நல்லதோ எண்டு பாத்தனான்."

தகப்பனைத் தேடி இறங்கி வந்த கஜானியும் பாலேஸ்வரியும் இதைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். வாகீசன் வாய்விட்டுச் சிரித்தான். காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த கஜானியும் அவனைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அதோடு நிற்காமல் இருவரும் பேசவும் தொடங்கிவிட்டார்கள்.

"எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு" என்றார் உதயகலா. "தகப்பனையும்தான்."

நடராசாவுக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்துக் குணலட்சுமி நடுவில் வந்து நின்றார். இவ்வளவு நாளும் அடக்கி வைத்த கோபம் நடராசாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"காணும், போதும் குணலட்சுமி! மூண்டு மொட்டைக் கடிதம் எழுதி மூண்டு சம்பந்தத்தைக் குழப்பினது காணும்! இதையாவது விட்டுவிடுங்கோ!"

"அப்பா, கத்தாதையுங்கோ. வாங்கோ, ஐஸ்கிறீம் குடிப்பம்" என்று கஜானி அவசரமாக அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

குணலட்சுமி ஒன்றும் விளங்காமல் விழித்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார்.

"நான் எங்கையண்ணை எழுதினனான்? இதைத் தரத்தானே உங்களுக்குப் பின்னாலை ஓடித்திரியிறன். கஜானி முந்தித் தபாலிலை போடத் தந்த மூண்டு கடிதத்திலையும் வடிவா முத்திரை ஒட்டியிருந்தது, நேற்றுத் தந்த, புத்தூர் உதயகலாவுக்கெண்டு எழுதின இந்தக் கடிதத்திலைதான் ஒட்ட மறந்துபோனா."