கிழங்கு கொண்டுவராத அப்பா

நான் பார்த்த முதல் டிவி நாடகத்தைப் பாதிதான் பார்த்தேன். மீதிப் பாதியில், கூடியிருந்த ஜனங்கள் நாடகத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். (நடிப்பு நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.)

அப்போது நான் பதுளை மறியலிலிருந்து (எங்கள் பக்கம் சிறைக்கு அந்தப் பேர்) வெளியே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே போன கதை பெருமைப்படும்படியானது இல்லை. காய்ச்சலோடு கொழுந்து பறித்த என் மனைவி பாக்கியத்துக்குக் கங்காணி அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிட்டார். நான் நியாயம் கேட்கப் போனேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே கத்தியும் கையுமாகப் போனேன். நியாயம் கேட்கப் போகிறவன் கத்தியை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற அறிவு, நீதவான் எடுத்துச் சொன்ன பிறகுதான் எனக்கு வந்தது. கங்காணியின் தோளில் பட்ட வெட்டு சீக்கிரமே ஆறிவிட்டது. அவருடைய கோபம் ஆறவில்லை.

அதனால் திரும்பி வந்தவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. விடிகாலைப் பெரட்டில் ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். என் பேர் மட்டும் வராது. எல்லோரும் மலைக்கு ஏறிய பிறகு நான் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு இறங்குவேன். கதவு சாத்தியிருந்தால், யாராவது வந்து திறக்கட்டும் என்று நிற்பேன். உள்ளே இருந்த பழக்கம். என் சொந்த வீடான ஒற்றைக் காம்பராவுக்கு முன்னால் மழையில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறேன். பக்கத்துக் காம்பராக்காரி, "தள்ளுங்கண்ணே, தொறந்துதான் கெடக்கு" என்பாள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் மகள் செல்வி விஷயம்தான் தாங்கவில்லை.

நான் போகும்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்பா எங்கே என்று அவள் கேட்கத் தொடங்கியதும் பாக்கியம், "வெலிமடையில கெழங்குத் தோட்டத்துல வேலை செய்றாரு" என்று சொல்லிவிட்டாள். லயமே சேர்ந்து அந்தப் பொய்யைக் கட்டிக் காத்திருக்கிறது. யாரும் எனக்குத்தான் சொல்லவில்லை. நான் வெறுங்கையோடு வந்து நின்றேன்.

"நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா அப்பா."

என் இரண்டு கைகளையும் பார்த்தாள். "கெழங்கு எங்க?"

"என்ன கெழங்கு?"

பின்னால் நின்ற பாக்கியம் கண்ணைக் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை. (உள்ளே இருந்தவனுக்குப் பெண்டாட்டியின் கண்ஜாடை மறந்துபோகும்.) செல்வி தாயின் சேலைக்குள் போய் மறைந்துகொண்டாள்.

"அம்மா, இது அப்பா இல்ல. அப்பாகிட்ட கெழங்கு இருக்கும்."

மறுநாளே பதுளைக்கு நடந்துபோய் உருளைக்கிழங்கு வாங்கி வந்தேன். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கடைக் கெழங்கு. மண்ணே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். அந்த நீதவான்கூட என் பக்கம் கொஞ்சம் யோசித்திருப்பார். அன்றிலிருந்து நான் "அந்த ஆளு". அந்த ஆளு இருந்தால் சாப்பிட மாட்டாள், அந்த ஆளு பக்கத்தில் வந்தால் அழுவாள்.

இந்த நேரத்தில்தான் சந்திக் கடை நானா டிவி வாங்கினார். லயத்தில் கரண்ட் கிடையாது, கடையிலும் கிடையாது. லொறி பேட்டரியில் ஓடியது. ஞாயிறு பின்னேரம் ஒரு சிங்கள நாடகம் போகும். நானா என்னைக் கூப்பிட்டு, "மறியல்ல இருந்து வந்து நல்லா வாழப் பாக்குற ஒருத்தன்ட கதையாம் தம்பி. புள்ளயயும் கூட்டிட்டு வாங்க. மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். நானாவின் நல்ல மனதைக் குறை சொல்ல முடியாது. நானும், படம் பார்க்கும் சாக்கில் செல்வி கொஞ்ச நேரமாவது என் பக்கத்தில் இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். அவள் போய்ப் பெண்கள் பக்கத்தில் தாயின் மடியில் உட்கார்ந்துகொண்டாள். கடையில் இருந்த ஒரே பெஞ்சியில் கங்காணி இருந்தார். நான் முன்னால் ஒரு ஓரமாக நின்றேன்.

நாடகத்தில் அந்த மனுசன் வீட்டுக்கு வந்து, சாத்திய கதவுக்கு முன்னால் நின்றான். தட்டவில்லை. சும்மா நின்றான். பிறகு அவன் மறியலை நினைத்துப் பார்க்கிற காட்சி வந்தது. விசில் ஊதியது. காவலாளி கத்தினான்.

"தெக்க தெக்க வாடி வெயங்!"

இரண்டிரண்டு பேராக உட்கார் என்று அர்த்தம். சிங்களத்தில் 'வாடி' என்றால் உட்காருவது. ஆள் எண்ணும் நேரத்தில் தலையில் கைவைத்து ஜோடி ஜோடியாகக் குந்த வேண்டும். முன்னால் குந்துகிறவன், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்க அதைத் திருப்பிக் கத்த வேண்டும். உயரமானவன் என்பதால் அந்த உத்தியோகம் எனக்கு.

இது டிவி என்று என் தலைக்குத் தெரியும். முழங்காலுக்குத் தெரியவில்லை. பொத்தென்று குந்தி, தலையில் கைவைத்து, அடித்தொண்டையில் கத்தினேன்.

"வாடி!"

பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் துள்ளி எழுந்தாள். "நாலு பேரு இருக்கிற எடத்துல என்னாங்க, வாடி போடின்னு?"

கடையே சிரித்தது. கங்காணி பெஞ்சியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஏன்டா, வெலிமடையில இப்புடித்தான் கெழங்கு புடுங்குவாங்களா? மறியல்காரப் பயலே!"

பொய் உடைந்துவிட்டது. எழும்பியிருக்கலாம். ஆனால் மறியல் சட்டப்படி ஜோடி சேராமல் ஒற்றையாகக் குந்தியிருப்பவன் எழும்பக் கூடாது, எழும்பினால் உதை. என் கால் இன்னும் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. எல்லோரும் சிரிக்க, தலையில் வைத்த கையை இறக்கவும் தெரியாமல் அப்படியே கிடந்தேன். உள்ளேயே இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு மனதார நினைத்தேன்.

அப்போது ஆட்களின் காலுக்குள் புகுந்து செல்வி வந்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள். பக்கத்தில் குந்தினாள். என்னைப் போலவே இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"வாடின்னு கூப்பிட்டீங்களேப்பா. வந்துட்டேன்."

சிரிப்பு மெல்ல அடங்கியது. கங்காணி முகத்தைத் திருப்பி டிவியைப் பார்த்தார். ஜோடி சேர்ந்துவிட்டதால் நான் எழும்பினேன். அழுதேன் என்று பாக்கியம் சொல்கிறாள். (அழுதேன்தான்.)

திரும்பி நடக்கும்போது செல்வி கேட்டாள்.

"டிவியில காட்டுன எடத்துலயா இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"அங்க கெழங்கு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. வேகாம குடுப்பாங்க."

யோசித்துப் பார்த்துவிட்டு, "அதான் கொண்டாரல" என்றாள். அத்தோடு வழக்கு முடிந்தது.

கங்காணி முடிக்கவில்லை. அடுத்த நாளும் பெரட்டில் என் பேர் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவேயில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் பஸ் ஏறிப் போய் வேலை தேடிய இடம் எது என்று நினைக்கிறீர்கள்? வெலிமடை. கிழங்குத் தோட்டம். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது ஒரு பை நிறையக் கிழங்கை மண்ணோடு கொண்டுவந்தேன்.

செல்வி இப்போது பண்டாரவளையில் குடும்பமாக இருக்கிறாள். நான் போனால் இன்றைக்கும் சாத்திய கதவுக்கு முன்னால்தான் நிற்கிறேன். அவள் வந்து திறந்து, "தெக்க தெக்க வாடி வெயங்!" என்று வீடு அதிரக் கத்துவாள். அவள் பிள்ளைகள் மூன்று பேரும் ஓடிவந்து தலையில் கைவைத்துக் குந்துவார்கள். இரண்டு பேர் ஜோடி சேர்ந்துவிட, கடைக்குட்டி மிஞ்சிப்போவான். அவன் விடமாட்டான்.

"தாத்தா, வாடி!"

போய் அவன் பக்கத்தில் குந்துவேன்.