படிக்கட்டுப் பிரிவு

வாடிக்கையாளர் தன் ஈரக் கோட்டைக் கழற்றிப் பெண் பொறியாளரிடம் நீட்டினார்.

"இத எங்கயாச்சும் மாட்டிட்டு, ஒரு காபி கொண்டு வாம்மா. சர்க்கரை கம்மியா."

அவருடைய புதுக் கட்டடத்துக்காக அவள் வரைந்த படிக்கட்டு வரைபடம் அவள் கையில்தான் இருந்தது. கோட்டு அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"அவருக்குப் பார்வை கொஞ்சம் கம்மிம்மா" என்றார் அவர்.

"என் நிறம் மட்டும் நல்லாத் தெரிஞ்சுதே சார்."

"நீ எல்லாத்தையும் மனசுல போட்டுக்கற. இங்க யாரு நிறம் பாக்கறா? நான் உன்னை அப்படிப் பாத்ததே இல்ல."

அவர் பார்த்ததே இல்லை என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை.

ஆனாலும் மேனேஜர் நல்ல மனிதர். இனி யாரும் குழம்பக் கூடாதென்று மறுநாளே அவளுக்கு மட்டும் ஒரு பேட்ஜ் வந்தது. 'படிக்கட்டுப் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைக் குத்தி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் ஓடி வந்தார்.

"நல்லவேளை, உங்களத்தான் தேடினேன். மூணாவது மாடிப் படியில தண்ணி நிக்குது. யாராச்சும் வழுக்கி விழறதுக்குள்ள துடைச்சிடுங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பக்கத்து மேஜைக்காரரிடம் குமுறினாள்.

"என்னைக்கூடத்தான் குண்டன்னு கூப்பிடறாங்க. நான் மூக்கச் சிந்தறேனா?" என்றார் அவர்.

வீட்டில் கணவன், "நீ கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்து பாரேன்" என்றான்.

இருந்து பார்த்தாள். கூடுதலாக இரண்டு பேர் காபி கேட்டார்கள்.

பொறுக்க முடியாமல் மறுபடி மேனேஜரிடமே போனாள். அவர் பெரிய மனது பண்ணி, எல்லோரும் மனம்விட்டுப் பேச ஒரு கூட்டம் போட்டார். அவள் பேசினாள். கோட்டிலிருந்து பேட்ஜ் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். முடித்ததும் மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"எவ்வளவு சுத்தமாப் பேசற. எங்க கத்துக்கிட்டம்மா?"

கூட்டம் கலைந்தது.

மறுநாள் அவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. யாராவது தேடி வந்து, ஆளில்லை என்று திரும்பிவிட்டால்? மாலை மரியாதை எதுவும் வேண்டாம். ஒரே ஒருவர் வந்து, 'நீ சொன்னது நிஜம், நாங்க பண்ணது தப்பு' என்றால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் மனம் அப்படி ஏங்கியது. நடையில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லாச் சத்தமும் அவள் மேஜையைத் தாண்டி நடைக்கோடிக்குப் போய்விட்டது.

சாயங்காலம் ஒருத்தி வந்து நின்றாள். கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பவள். பொறியாளரின் அம்மா வயது, ஒரு சாண் உயரமும் கூட. நிறத்தைத் தவிர இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் கைகொள்ளாமல் பூங்கொத்துகள் இருந்தன.

"ஏம்மா, காலையிலேர்ந்து ஒவ்வொருத்தரா வந்து என் கையப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கறாங்க. மேனேஜர் அழுதுட்டாரு" என்றாள். "நேத்து கூட்டத்துல நான் அப்படி என்னம்மா பேசினேன்?"