கும்பிட்டால் அணைந்துபோகும் பிள்ளையார்

முழு முட்டாளை மன்னித்துவிடலாம். இரண்டு வீடியோ பார்த்துவிட்டு நிபுணராகிவிட்ட முட்டாளைத்தான் கட்டிவைத்து உதைக்க வேண்டும். இருபத்துமூன்று வயதில் நான் இரண்டாவது ரகம்.

ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, கடைகளுக்குப் பெரிய திரை பொருத்தும் கம்பெனியில் தற்காலிகமாக வேலை பார்த்தேன். மாத்தளை டவுனில் ஒரு புடவைக் கடை ஓடர் கொடுத்திருந்தது. அந்தத் திரை ஒழுங்காக ஓடினால் என் வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். (அம்மா அதற்குள் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க, "எம் மக பர்மனன்ட்" என்று சொல்லி முடித்திருந்தார்.)

ஆள் உயரத் திரை. அதில் தெரியும் சாரியை விரலால் தொட்டு, கையை அப்படியே நம் பக்கம் இழுத்தால், தொட்ட இடம் பெரிதாகும். தொடாமல் காற்றில் கையை வீசினால் அடுத்த சாரி வரும். அணைப்பதற்கும் ஒரு சைகை வேண்டும். அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு என்னுடையது. 'யாரும் தற்செயலாகச் செய்யாத சைகையாக இருக்கட்டும்' என்று வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். நானும் பலமாக யோசித்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்தால் அணைந்துவிடும் என்று அமைத்தேன்.

ஆமாம், கும்பிடுவதைத்தான். அதுவும் வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்பதற்கென்றே வாசலில் இரண்டு பெண்களை நிறுத்தியிருக்கும் கடையில்! (என் மூளை அப்போது எந்த மலையில் மேய்ந்துகொண்டிருந்ததோ.) ஆபீசில் சோதித்தபோது ஒரு பிழையும் வரவில்லை. அங்கே யார் யாரைக் கும்பிடுகிறார்கள்?

திறப்பு நாளன்று முதல் படமாகப் பிள்ளையாரைப் போட்டேன். அதுவும் என் மூளைதான். முதலாளியம்மா பக்தியோடு முன்னால் வந்து, பிள்ளையாரின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தொட்டாயிற்று, இழுத்தாயிற்று. பிள்ளையாரின் கால் பெருவிரல் திரை முழுக்க எழுந்து நின்றது. பதறிப்போன முதலாளியம்மா இரண்டு கையையும் கூப்பினார். திரை கறுத்தது.

"ஐயோ, சாமி போயிருச்சே!"

"ஒண்ணுமில்லைங்கம்மா, கரண்டு கொஞ்சம் சரியில்ல" என்று கூசாமல் புளுகிவிட்டு மறுபடி போட்டேன். பிள்ளையார் வந்தார். அப்பாடா என்று கூட்டமே கும்பிட்டது. பிள்ளையார் போனார்.

மேனேஜர் என் காதருகே வந்து பல்லைக் கடித்தார். "என்ன புள்ள செஞ்சு வச்சிருக்க?"

வேலை போகப்போகிறது என்ற பயத்தில், கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்: "யாரும் சாமி கும்பிடாதீங்க!"

கூப்பிய கைகளெல்லாம் கீழே இறங்கின. பிள்ளையாரை மூன்றாவது முறையாக வரவழைத்தேன். திரைக்குப் பக்கத்தில் நின்ற முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, என் கடைக்கு வந்து, என் ஆளுங்கள சாமி கும்பிடாதன்னு சொல்றியா?"

"மன்னிச்சிருங்கய்யா" என்று அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூன்றாவது முறை பிள்ளையாரை அணைத்தது நான்.

அன்று மாலையே திரை லொறியில் ஏறியது. நான் ரத்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். லயத்தில் அம்மா ஒவ்வொரு வீடாகப் போய் 'பர்மனன்ட்'டைத் திருப்பி வாங்க வேண்டியதாயிற்று.

இப்போது டியூஷன் வகுப்பில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் எதையாவது விளக்க ஆரம்பித்தால், கணவர் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்துக் கும்பிடுவார். தம்பியும் கும்பிடுவான். அம்மாவும்தான்.

இதில் கேவலம் என்னவென்றால், நானும் உடனே அணைந்துவிடுகிறேன்.