தபசு மரத்தடியில் ஐந்து நாற்காலிகள்

உலகத்தில் கலை எப்போது தோன்றியது என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு உண்டு. எனக்கு இல்லை. 1956ஆம் ஆண்டு சித்திரை மாதம் கிருஷ்ணகிரியில் 'கலை நிகழ்ச்சி அமைப்பாளர் பயிற்சி நிலையம்' திறக்கப்பட்ட அன்று, காலை பத்தரை மணிக்குத் தோன்றியது. அதற்கு முன் ஜனங்கள் ஏதோ ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தார்கள், அவ்வளவுதான்.

பயிற்சி முப்பது நாள். எங்கள் ஆசிரியர் பிரகாசம் அவர்கள் இரவு எட்டு மணிக்கே படுத்துவிடும் ஒழுக்கசீலர். அதனால் ஆயுளில் ஒரு கூத்தைக்கூடப் பார்த்துக் கெட்டுப்போகாதவர். முதல் பத்து நாள் நாற்காலி போடுவது எப்படி என்று கற்பித்தார். அடுத்த பத்து நாள் எந்த நாற்காலியில் யார். கடைசிப் பத்து நாள் மாலை போடுவது.

"நடிகருங்களப் பத்தி எப்பங்க சொல்லித் தருவீங்க?" என்று கேட்டேன்.

"அவங்க நிக்கறவங்க தம்பி. அவங்களுக்கு நாற்காலி எதுக்கு?" என்றார். குறித்துக்கொண்டேன்.

ஒரு நிகழ்ச்சியை நடத்திக் காட்டினால் சான்றிதழ். அது கிடைத்தால் உத்தியோகம். கிடைக்காவிட்டால் மாமனார் வீட்டு எருமைகளோடு என் காலம் கழியும். எனக்கு ஒதுக்கப்பட்டது மத்தூர் பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு.

அர்ச்சுனன் வேஷக்காரர் பனை உயரத் தபசு மரத்தில் ஏறி, உச்சிப் பரணில் உட்கார்ந்து, சிவனிடம் அஸ்திரம் கேட்டுப் பாடுவார். பாட்டு முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து எலுமிச்சம்பழங்களைக் கீழே போடுவார். பிள்ளையில்லாத பெண்கள் மரத்தடியில் மடியேந்தி நிற்பார்கள். பழம் விழுந்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. இத்தனையையும் இத்தனை காலம் ஒரு கமிட்டிகூட இல்லாமல் நடத்தியிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பொறுப்பின்மை!

காலையில் போனபோது மரத்தடியில் முனிலட்சுமி நின்றிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். முந்தின நாளிலிருந்து பட்டினி, ஈரச்சேலை.

"அம்மா, இது நாற்காலி போடற எடம்" என்றேன்.

"நாற்காலிக்குப் புள்ள வேணுங்களா?" என்றாள்.

பயிற்சி பெறாதவள். கயிறு கட்டி, எல்லாப் பெண்களையும் இருபதடி தள்ளி நிறுத்தினேன். மரத்தடியைச் சுற்றி, வரவிருந்த அதிகாரிக்கும் பிரமுகர்களுக்கும் ஐந்து நாற்காலிகள் போட்டேன்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய அதிகாரி வரவில்லை. ஆனால் அர்ச்சுனன் வேஷம் கட்டிய திம்மப்பன் பாட்டை முடித்து, பழத்தோடு கையைத் தூக்கிவிட்டார்.

"நிறுத்துங்க. அதிகாரி வந்ததும் மொதல்ல இருந்து பாடணும்" என்றேன்.

"சிவன் அஸ்திரம் குடுத்துட்டாருங்களே. வாங்குனத வெச்சிக்கிட்டே மறுபடி எப்படிக் கேக்கறது?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"தற்காலிகமாத் திருப்பிக் குடுங்க. ரசீது நான் தரேன்."

திருப்பிக் கொடுத்தார். உச்சி வெயில் வரை பரணிலேயே காய்ந்தார். பன்னிரண்டு மணிக்கு அதிகாரி நான்கு பிரமுகர்களோடு வந்தார். மாலை விழுந்தது. திம்மப்பன் கட்டைக் குரலில் மறுபடி பாடி, கண்ணை மூடிப் பழங்களைப் போட்டார்.

ஐந்து நாற்காலி, ஐந்து பழம். ஒன்றுகூடப் பிசகவில்லை. முதல் பழம் அதிகாரி மடியில் விழுந்தது. அவருக்கு ஏற்கெனவே ஏழு பிள்ளைகள்.

"வெயிலுக்கு நல்லது" என்று அதைச் சோடாவில் பிழிந்து குடித்தார். மற்ற நால்வரும் அப்படியே செய்தார்கள். என் நிகழ்ச்சியை மதிப்பிட வந்திருந்த பிரகாசம் அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு பழங்கூட வீணாகல தம்பி. இனி ஒண்ணுதான் பாக்கி. பொதுமக்கள் கருத்து வாங்கிட்டா சான்றிதழ்" என்று படிவத்தை நீட்டினார்.

கூட்டம் கலைந்திருந்தது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் முனிலட்சுமி மட்டும் வெறும் முந்தானையை இன்னும் ஏந்தியபடி நின்றாள். அடுத்த பாரதம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. படிவத்தோடு அவளிடம் போனேன்.

"நிகழ்ச்சி எப்படி இருந்திச்சிங்க?"

"மரம் ஏறுனது அவரு. பட்டினி கெடந்தது நானு. நீங்க ஒருத்தர் இல்லாம இருந்திருந்தா பழம் எம் மடியில விழுந்திருக்கும்" என்றாள்.

'அமைப்பாளர் இல்லாவிட்டால் இந்நிகழ்ச்சி இவ்வாறு நடந்திருக்காது' என்று எழுதி, கீழே அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டேன்.