ஹாலில் இருபத்துநாலு

திரையில் வரைபடம் திறந்ததும் அரிச்சுவடி செய்த முதல் காரியம், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்ததுதான். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவை போகவில்லை. கீழ்த்தள ஹாலில், சோபாக்கள் இருக்க வேண்டிய இடத்தில், வரிசைக்கு ஆறாக நாலு வரிசையில் இருபத்துநாலு கம்மோடுகள் உட்கார்ந்திருந்தன.

ஒன்றுக்கும் கதவு இல்லை, தடுப்பு இல்லை, தண்ணீர்க் குழாய்கூட இல்லை. இருபத்துநாலும் தெருவைப் பார்த்தபடி இருந்தன. போதாக்குறைக்குத் தெருப்பக்கச் சுவரைக் காணோம். அந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி.

"போச்சு, மூணாவது தடவை" என்று முனகினார்.

முதல் இரண்டு தடவைகளையும் அலுவலகத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை. கம்ப்யூட்டரில் படம் வரைகிறவர்களுக்கு 'பிளாக்' என்று ஒரு வசதி உண்டு. ஒரு நாற்காலியை ஒரே ஒருமுறை வரைந்து அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், நூறு இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஒன்றைத் திருத்தினால் நூறும் தானாகத் திருந்திவிடும். வசதிதான். ஆனால் அதே பெயரில் படத்துக்குள் ஏற்கெனவே வேறொரு பொருள் இருந்தால், வந்த விருந்தாளியைத் துரத்திவிட்டுப் பழைய ஆளே அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அதனால் பெயரைப் பார்த்து வைக்க வேண்டும். நம்மவர் சோம்பல்பட்டுக்கொண்டு 'அ', 'ஆ', 'இ' என்றே வைத்துக்கொண்டு போவார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அந்தப் பழக்கத்தால் ஒருமுறை தலைமையாசிரியர் அறைக்குள் மேஜைக்குப் பதிலாக ஒரு கார் நின்றது. இன்னொரு முறை ஒரு சமையலறையில் அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் தென்னை மரம் முளைத்தது.

மரம் முளைத்த அன்று ஆர்க்கிடெக்ட் அவரைத் திட்டவில்லை. அதைவிடப் பெரிய தண்டனையாகக் கொடுத்தார்.

"நம்ம வெப்சைட்ல படம் வரையறவங்களுக்குன்னு நல்ல குறிப்புகளா எழுதிப் போடு. எழுதினா உனக்காவது உறைக்குதா பார்ப்போம்."

அரிச்சுவடி எழுதினார். பிளாக்குக்கு ஒழுங்காகப் பெயர் வை, கை வைக்குமுன் ஒரு நகல் எடுத்து வை, எல்லா பிளாக்கையும் ஒரேயடியாகத் தனித்தனிக் கோடுகளாக உடைக்காதே, அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்று பார்த்துவிட்டு ஒட்டு என்று மொத்தம் பதினொன்று. ஊர் பேர் தெரியாத மாணவர்கள் எல்லாம் 'ஐயா, உங்களால் பிழைத்தேன்' என்று கடிதம் எழுதினார்கள். எழுதியவருக்கு மட்டும் உறைக்கவில்லை.

இந்தத் தடவை விஷயம் சாதாரணமில்லை. அடுத்த மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வேலை வருகிறது. பதின்மூன்று வருஷமாக மற்றவர்கள் போட்ட கோட்டின் மேல் கோடு இழுத்துக்கொண்டிருந்த அரிச்சுவடிக்கு, அதை முழுசாகத் தன் பொறுப்பில் வரைய வேண்டும் என்பதில்தான் உயிர். ஆர்க்கிடெக்டும் முக்கால்வாசி ஒத்துக்கொண்டுவிட்டார். "இன்னும் ஒரு தடவை கார், மரம்னு ஏதாவது வந்துது, நீ ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல போய் உட்கார்ந்துக்க வேண்டியதுதான்" என்பது மீதிக் கால்வாசி.

வீடு மாறுவதற்காக மூன்று நாள் லீவு போட்டுவிட்டு இன்றுதான் வந்திருந்தார். காலையில் கட்டட சைட்டிலிருந்தே ஆர்க்கிடெக்ட் போன் செய்து வேலையைச் சொல்லியிருந்தார்.

"அந்த வியாபாரி வீட்டுப் படம் இருக்குல்ல, மாடிப்படிக்குக் கைப்பிடி விட்டுப் போச்சு. அதை மட்டும் போட்டு, பிரிண்ட் எடுத்து, வெப்சைட்லயும் மாத்தச் சொல்லிடு. நாலு மணிக்குப் புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேரும் வர்றாங்க. ஹால்ல மட்டும் கை வைக்காதே. ஹாலைப் பார்த்துட்டு மனுஷன் சொக்கிப் போயிட்டார்!"

தான் போட்ட எட்டு சோபாக்களையும் டிவி மேஜையையும் நினைத்து அரிச்சுவடி அப்போது நெஞ்சு நிமிர்த்திக்கொண்டார். இப்போது அதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சோபாவுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'அ'. யாரோ அதைக் கொண்டுபோய் ஒட்டிய படத்தில் ஏற்கெனவே இருந்த கம்மோடுக்கும், அதுவும் அவர் வரைந்த படம்தானே, 'அ' என்றுதான் பெயர் இருந்திருக்கும். எட்டு சோபா எப்படி இருபத்துநாலு கம்மோடாகும் என்று ஒரு கேள்வி மனசுக்குள் எட்டிப் பார்த்தது. தப்பு குட்டி போட்டிருக்கிறது என்று அதை விரட்டிவிட்டார்.

அடுத்த மேஜையில் வெப்சைட் வேலை பார்க்கும் பெண், ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, அந்த வியாபாரி வீட்டுப் படம் வெப்சைட்ல ஏறிடுச்சா?"

"நேத்தே ஏத்திட்டேண்ணா. சார்தான் அனுப்பினார்."

"அதுல என்ன இருந்துதுன்னு பார்த்தியா?"

"மூணு எம்.பி. இருந்துது. முந்நூறு கே.பி.யாக் குறைச்சேன்."

"அதைக் கேக்கலம்மா. படத்துக்குள்ள என்ன இருந்துது?"

"நான் படத்தோட எடையைத்தாண்ணா பார்ப்பேன். உள்ள என்ன இருக்குங்கறது உங்க டிபார்ட்மென்ட்."

சார் எப்படிக் கவனிக்காமல் அனுப்பினார்? அதற்கும் அரிச்சுவடியிடம் பதில் இருந்தது. ஆர்க்கிடெக்ட் ஒரு மாதமாகக் கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் கம்மோடு என்ன, சோபா என்ன, எல்லாம் சின்னச் சின்ன வட்டம்தானே.

மணி பதினொன்றரை. நாலு மணிக்குள் யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிட்டால் ஆஸ்பத்திரி. இல்லாவிட்டால் ஜெராக்ஸ்.

தன்னுடைய இரண்டாவது குறிப்பின்படி முதலில் ஒரு நகல் எடுத்து வைத்தார். அதற்கு 'அ' என்று பெயர் வைத்தார். பிறகு பிளாக்கைத் திறந்து, கம்மோடை அழித்துவிட்டு, அங்கே அழகாக ஒரு சோபா வரைந்து மூடினார். ஹாலில் இருபத்துநாலும் கண் இமைக்கும் நேரத்தில் சோபாவாக மாறின. அரிச்சுவடி கைகளை உரசிக்கொண்டார்.

மாடியைப் பார்த்த பிறகுதான் உரசல் நின்றது. மாடியில் மூன்று பாத்ரூம்கள். மூன்றிலும், வாஷ்பேசினுக்கும் ஷவருக்கும் நடுவில், ஆளுக்கொரு சோபா கால் மேல் கால் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும் என்று தானே எழுதியதைத் தானே மறந்துவிட்டார்.

"அண்ணா, இப்பதான் உங்க மூணாவது குறிப்பைப் படிச்சேன். அருமைண்ணா. என் தம்பிக்கு அனுப்பியிருக்கேன்" என்றாள் வெப்சைட் பெண், திரும்பிப் பார்க்காமலே.

மூன்றாவது குறிப்பு, எல்லாவற்றையும் ஒரேயடியாக உடைக்காதே என்பது. அரிச்சுவடி அந்த நேரம் உடைத்துக்கொண்டிருந்தார். ஹாலில் இருப்பவற்றை மட்டும் உடைத்துவிட்டால் மாடியோடு தொடர்பு அறுந்துவிடும் என்பது திட்டம். அவசரத்தில் ஹாலுக்குப் பதிலாக மொத்தப் படத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டார். படிக்கட்டு படிக்கட்டாக இல்லை, கதவு கதவாக இல்லை. அளவு எழுதியிருந்த அம்புக்குறிகள் எல்லாம் தனித்தனிக் கோடுகளாகச் சிதறின. வீடு முழுக்க ஈர்க்குச்சியைக் கொட்டியது போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரி விஷயம் என்னாச்சு?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் போகப் போறேன்னு நினைக்கிறேன்."

"தப்பு ஏதாவது பண்ணிட்டீங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கறே?"

"குரல் உள்ள போயிருக்கு. பண்ணியிருந்தா அவர்கிட்ட நேராச் சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்கன்னு எத்தனை தடவை சொல்றேன்? நேத்துகூட, புது வீட்டுல அந்தச் சுவிட்சு எதுக்குன்னு கேக்காமலே பிடுங்கிப் போட்டீங்க. ராத்திரி முழுக்க மோட்டார் ஓடலை."

"அது வேற, இது வேற" என்று சொல்லிப் போனை வைத்தார். அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் ஒரே ஆள்தான் கை வைத்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

உடைந்ததை மூடிவிட்டு, நகலை எடுத்துப் புதிதாக ஆரம்பித்தார். இம்முறை வேறு வழி. ஹாலில் இருந்த இருபத்துநாலையும் அடியோடு அழித்தார். கண்ணாடியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினார். லீவுக்கு முன் தான் வரைந்த பழைய படத்திலிருந்து தன் எட்டு சோபாக்களையும், இம்முறை மறக்காமல் பெயரை மாற்றி, கொண்டுவந்து ஒட்டினார்.

ஒன்றும் தெரியவில்லை. திரை முழுக்க ஒரே ஒரு வளைந்த கோடு. படத்தைச் சுருக்கி, சுருக்கி, இன்னும் சுருக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கோடு சோபாவின் கைப்பிடி. பழைய படம் மில்லிமீட்டரில், இது அங்குலத்தில். ஒவ்வொன்றும் இருபத்தைந்து மடங்கு வீங்கி, ஒரு சோபா வியாபாரியின் வீட்டின் மேலேயும், இன்னொன்று எதிர்வீட்டின் மேலேயும், மூன்றாவது தெருவை அடைத்துக்கொண்டும் கிடந்தன. பதறிப் போய்ச் சுருக்கினார். இருமுறை அழுத்திவிட்டார் போலிருக்கிறது, எட்டு சோபாவும் சேர்ந்து ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. எறும்புக்குக்கூட அதில் சாய்ந்து உட்கார முடியாது.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. எட்டு சோபா, டிவி மேஜை, சுவர், நடுவில் ஒரு ஜன்னல், மாடிப்படிக்குக் கைப்பிடி. பிரிண்ட் எடுத்துச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார். சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே இருந்தது. படத்தை வெப்சைட் பெண்ணுக்கு அனுப்பினார்.

"ஏத்திட்டேண்ணா."

அரிச்சுவடி திறந்து பார்த்தார். இருபத்துநாலும் தெருவைப் பார்த்தபடி சிரித்தன.

"ஏம்மா, இன்னும் பழசுதான் இருக்கு!"

"என் கம்ப்யூட்டர்ல புதுசுதான் தெரியுதுண்ணா. பழைய படத்தை உங்க மெஷின் ஞாபகம் வச்சிருக்கு. அதை அழிச்சுட்டுப் பாருங்க. அப்படியே உங்க எட்டாவது குறிப்புலயே எழுதியிருக்கீங்களே."

அழித்துவிட்டுப் பார்த்தார். புதுசு வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்த அதே நொடியில் நிமிர்ந்தார்.

"சாரோட ரூம்ல பெரிய திரை இருக்கே, அது நேத்துப் படத்தைப் பார்த்துச்சா?"

"ஆமாண்ணா, சார் நேத்து அதுலதானே பார்த்தார்."

"அப்போ அதுவும் பழசை ஞாபகம் வச்சிருக்குமா?"

"நல்லா வச்சிருக்கும்" என்றாள் அவள், ஏதோ அந்தத் திரையின் புத்திசாலித்தனத்தைப் பாராட்டுவது போல.

அரிச்சுவடி எழுந்து ஓடினார். ஆனால் ஆர்க்கிடெக்டின் அறையில் வாடிக்கையாளர்கள் அரை மணி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வியாபாரி சந்தோஷமான மனிதர், தொப்பை முதலில் சிரித்து, பிறகுதான் முகம் சிரிக்கும். அவர் மனைவி மடியில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா வா, உன்னைத்தான் எதிர்பார்த்தேன். இவர்தான் சார் உங்க படத்தை வரையறவர்" என்று சொல்லிக்கொண்டே ஆர்க்கிடெக்ட் வெப்சைட்டைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம், அதை அப்புறமா..."

"இரு, பார்த்துட்டுப் பேசலாம்."

சுவர் அகலத்துக்கு ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய் அளவில், இருபத்துநாலு கம்மோடுகளும் திரையில் வந்து நின்றன. வியாபாரி எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். அந்த அம்மாள் ஆள்காட்டி விரலை நீட்டி, உதட்டை அசைத்து, ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்தவர் முகம் சுளித்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

அரிச்சுவடிக்கு ஆஸ்பத்திரியின் ஆறு மாடியும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் இடிந்து விழுந்தது. மனைவி சொன்னது காதில் கேட்டது. நேராகச் சொல்லிவிடுங்கள். சரி, போவதுதான் போகிறது, மானத்தோடு போகட்டும். பிரிண்ட் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், என்னை மன்னிச்சுடுங்க. இந்த இருபத்துநாலுக்கும் நான்தான் காரணம். என்னால வந்த தப்பு. நீங்க கவலையே படாதீங்கம்மா, காலையிலேர்ந்து சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து எல்லாத்தையும் எடுத்துட்டேன். இதோ பாருங்க, இந்த பிரிண்ட்ல ஹால்ல ஒண்ணுகூடக் கிடையாது!"

ஆர்க்கிடெக்டின் வாய் திறந்தபடி நின்றது. வியாபாரியின் தொப்பை சிரிப்பை நிறுத்தியது. அந்த அம்மாள் மட்டும் மடியில் இருந்த புத்தகத்தைப் புரட்டி, பக்கத்துக்கு ஒன்றாகப் பளபளக்கும் பீங்கான் படங்களை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"என்னது, எடுத்துட்டீங்களா? கம்பெனியிலேர்ந்து இருபத்தஞ்சு மாடல் வருது, கடையா மாத்தின நம்ம ஹால்ல இருபத்துநாலுதானே வச்சிருக்காங்க, ஒண்ணு குறையுதேன்னு கேக்கத்தானே தம்பி நான் இவ்வளவு தூரம் கிளம்பி வந்தேன்!"