பதினாலாம் நம்பர் சைட்டு

உயர் அழுத்த மின்கோபுரம் ஒன்றை மறைக்க எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள் பார்க்கலாம்?

மத்திகிரி ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடும் பாக்கியராஜுக்குப் பதினோரு நிமிடம் ஆனது. வீட்டு மனை விற்கும் பொன்னுசாமி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பஜ்ஜி தின்றுகொண்டே கம்ப்யூட்டரில் தன் மனைகளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டவர அழிச்சிட்டியா தம்பி?”

“அழிக்கலண்ணா. இதுக்கு மாஸ்க்குன்னு பேரு. கறுப்படிச்சா மறையும், வெள்ளையடிச்சா திரும்ப வரும். டவர் உள்ள பத்திரமா இருக்குது.”

பொன்னுசாமிக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. “உள்ளதான் இருக்குதா? அப்ப நாம யாருக்கும் பொய் சொல்லல.”

கோபுரம் நின்றது பதினாலாம் நம்பர் மனையில். அதன் அடியில் வீடு கட்ட முடியாது. இரண்டு வருடமாக அந்த மனையை யாரும் சீந்தவில்லை.

கோபுரம் போனது. கம்பிகள் போகவில்லை. பாக்கியராஜ் கம்பிகளை மறைத்தார். அவற்றின் மேல் இருந்த ஏழு காக்கைகள் அந்தரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“எதுமேல உக்காந்துகினு இருக்குதுங்க?”

காக்கைகளையும் மறைத்தார்.

“கீழ பாரு தம்பி.”

தரையில் கோபுரத்தின் நிழல் ஏணி மாதிரி நீட்டிப் படுத்திருந்தது. புல்லின் மேல் கொஞ்சம், பொன்னுசாமியின் கார் மேல் கொஞ்சம். அதை மறைக்கப் போனதில் காரின் முன்பாதி காணாமல் போனது.

“ஐயோ, என் வண்டி!”

“உள்ளதாண்ணா இருக்குது.”

வெள்ளையடித்தார். கார் வந்தது. கூடவே நிழலும் வந்தது.

“சரி, நிழலு இருந்துட்டுப் போவுது. அதுக்கு ஏத்தாப்பல ஒசரமா எதயாச்சும் நிறுத்து.”

பாக்கியராஜின் போனில் உயரமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். பாரூரில் மாமனார் வீட்டுக் கிணற்றடித் தென்னை. நடுவில் முழங்கை மாதிரி வளைந்த மரம். அடியில் மாமனார் சவரியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பாக்கியராஜ் கொஞ்சம் யோசித்துவிட்டு, மாமனாருக்குக் கறுப்படித்தார்.

அவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. மகளுக்கு ஒரு மனை வாங்கித் தருகிறேன் என்று ஆறு வருடமாகச் சொல்கிறார், அவ்வளவுதான். எதைக் காட்டினாலும் பிடிப்பதில்லை. வாடகை வீட்டில் தண்ணீர் வராத நாளெல்லாம் பாக்கியராஜின் மனைவி அனிட்டா இதையே சொல்வாள்: “ஒண்ணுல மண்ணு சரியில்லயாம், ஒண்ணுல காத்து சரியில்லயாம். எங்கப்பா சைட்டு பாக்கறாரா, பொண்ணு பாக்கறாரா?”

படம் வாட்ஸப்பில் போனது. மத்தியானமே பொன்னுசாமி திரும்பி வந்தார்.

“தம்பி, எல்லாருக்கும் தென்ன மரம் இருக்கற சைட்டுதான் வேணுமாம். பெங்களூர்க்காரன் ஒருத்தன் ஒத்தக் கால்ல நிக்கறான். மத்த சைட்ட எவனும் கேக்க மாட்டன்றான்.”

“இப்ப என்னாண்ணா பண்றது?”

“எல்லாத்துலயும் ஒரு மரம் நட்டுடு.”

நட்டார். இருபத்திரண்டு தென்னைகள். இருபத்திரண்டும் ஒரே பக்கம் முழங்கையை நீட்டிக்கொண்டு நின்றன.

“எல்லாம் ஒண்ணாட்டமே வளைஞ்சிருக்குதேண்ணா?”

“காத்துன்னு சொல்லிக்கலாம்.”

ஒரு மணி நேரத்தில் பொன்னுசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“மறச்சிடு, மறச்சிடு! தோப்புலயா சைட்டு போட்டிருக்கீங்க, அப்ரூவல் இருக்குதான்னு கேக்கறாங்க!”

இருபத்தொரு மரங்களும் போயின.

“பதினாலாம் நம்பரும் போவட்டுமாண்ணா?”

“அது மட்டும் இருக்கட்டும். இப்பதான் புக் ஆச்சு.” பொன்னுசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எடத்தப் பாக்காமயே புக் பண்ணிட்டாங்க தம்பி.”

“நேர்ல வந்து டவர பாத்தா?”

“உள்ளதான் இருந்துச்சு, வெள்ளையடிச்சிட்டோம்னு சொல்றன்.”

பாக்கியராஜ் சிரித்தார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பாவம் யாரோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. டீ குடித்ததும் அதுவும் போய்விட்டது.

போன் அடித்தது. மாமனார்.

“மாப்ள, ரெண்டு கறவ மாட்டையும் ஓட்டிட்டுப் போய் வித்துட்டன். உங்களுக்கு சைட்டு புக் பண்ணியாச்சு! போன்ல படம் பாத்தன் மாப்ள, நம்ம கிணத்தடி மரத்துக்குக் கூடப் பொறந்தாப்பல ஒரு தென்ன, அதே வளைவு! மாதாவே கை காட்டின எடம்.”

மறுநாள் காலை எட்டரை மணிக்கு மாமனார், தேங்காய் பறிக்க கயிற்றோடு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு மத்திகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கினார்.