ஈட்டி மரத்தின் ஐந்து பயன்கள்

மரத்துக்கு மரியாதை செய்வது எப்படி என்று உலகம் கற்க வேண்டுமானால், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் அந்த பெயின்ட் டப்பா கம்பெனிக்குத்தான் வர வேண்டும். வளாகத்தில் இருந்தது ஒரே மரம், வயதான ஈட்டி. அதைக் காக்க ஒன்பது பேர் கொண்ட 'பாரம்பரிய மரப் பாதுகாப்புக் குழு' அமைக்கப்பட்டது.

குழுத் தலைவர் மேலாளர் வெங்கடேசன். மரத்தின் அருமையைப் பலகையில் பொறிக்க விரும்பிய அவர், கான்ட்ராக்டில் பெருக்கும் கெங்கம்மாளை ஏசி அறைக்கு அழைத்தார். கம்பெனி நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் நெல் விளைத்தவர் அவள் மாமனார்.

"ஈட்டியில என்னென்ன செய்வாங்கம்மா?"

"ஏரு, வண்டிச் சக்கரம், ஒலக்கை, கட்டிலு, ஊட்டுக் கதவு, அல்லாம் செய்வாங்க சார். இப்ப எங்களுக்கு நெயலு. மத்தியானம் அதுக்கு அடியிலதான் ஒக்காந்துகினு துன்றோம்."

நிழலைப் பாரம்பரியப் பயனாகக் கருத இயலாது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. மற்ற ஐந்தும் பித்தளை எழுத்தில் பலகையேறின. நிழல் விழும் தூரம்வரை கம்பி வேலி போட்டுப் பூட்டினார்கள். தொழிலாளர்கள் தகரக் கொட்டகையோரம் வெயிலில் சாப்பிட்டார்கள்.

மே மாதத்து மதியம் ஒன்றில், பேக்கிங் பிரிவுத் தமிழ்செல்வி, ஐந்து மாதக் கர்ப்பிணி, சோற்று டப்பாவோடு மயங்கிச் சாய்ந்தாள். கெங்கம்மாள் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தாள். தமிழ்செல்வியை இழுத்துப்போய் மரத்தடியில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அவள் கண் திறந்தாள்.

மாலையே விசாரணை.

"நிழலுக்கு அனுமதி வாங்கினீங்களா?" என்றார் வெங்கடேசன்.

"யார்கிட்ட சார் வாங்கணும்?"

கேள்வி நியாயமானது என்று குழு ஏற்றது. 'நிழல் துணைக்குழு' அங்கேயே உதயமானது.

"வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு சார். வெயில்ல வுட்டுட்டு பாத்துகினு நிக்க சொல்றீங்களா?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. மரத்துக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

மறுநாள் சென்னையிலிருந்து காரில் நிபுணர் வந்தார். பட்டையைத் தட்டினார், இலையை முகர்ந்தார். வேரடி மண் மிதிபட்டதில் மரத்துக்கு 'அதிர்ச்சி' என்றும், மூன்று நாள் முழு ஓய்வு அவசியம் என்றும் எழுதிக் கொடுத்தார். அதே நேரம் தமிழ்செல்வி, கெங்கம்மாளின் தோளில் சாய்ந்தபடி, ஷேர் ஆட்டோவில் பொன்னேரிக்கு டாக்டரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தாள்.

திரும்பியதும் கெங்கம்மாள் கான்ட்ராக்டர் கோபாலைப் பிடித்தாள்.

"மரத்துக்கே மூணு நாளு குட்த்துக்கீறாங்க. அந்தப் பொண்ணுக்கும் மூணு நாளு லீவு கேட்டு வாங்கிக் குடுப்பா."

கோபால் உள்ளே போய்க் கேட்டு வந்தான்.

தொழிலாளியை மரத்தைவிடக் குறைவாக நடத்துபவர்கள் என்ற பழி நிர்வாகத்துக்கு ஒருபோதும் பொருந்தாது. மரத்துக்கு மூன்றே நாள்தான் ஓய்வு. தமிழ்செல்வியும் கெங்கம்மாளும் இனி எப்போதுமே வர வேண்டாமாம்.